முதலில் சூப், கடைசியில் இனிப்பு

பட்லரண்ணா,

போன வாரம் உங்கள் சூப்பைக் குடித்தேன்.

நம் முதலாளியின் மகள் வசந்தாவின் பேத்திக்குக் கல்யாண வரவேற்பு. கோத்தகிரி ரோட்டில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது, அங்கே வைத்திருந்தார்கள். வசந்தாவுக்கு இப்போது மூட்டுவலி, எனக்கு அதைவிட அதிகம். இரண்டு பேரும் ஒரு சோபாவில் சாய்ந்துகொண்டு யாருக்கு வலி அதிகம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் தட்டு நிறையக் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் கோப்பைகளைக் கொண்டுவந்து நீட்டினார். மிளகும் பூண்டும் கொத்தமல்லியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ரசம். மாலை ஏழு மணிக்கு, இலை இல்லாமல், சோறு இல்லாமல், வெறும் ரசம்.

"என்னங்க இது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வசந்தாவின் மகன் முந்திக்கொண்டான். "எங்க குடும்பத்துல எந்த நல்ல காரியம்னாலும் மொதல்ல ஒரு வாய் ரசமுங்க. அப்புறந்தான் இனிப்பு. பரம்பரை வழக்கமுங்க" என்றான்.

எனக்குப் புரையேறிவிட்டது. பரம்பரை வழக்கமாம், அண்ணா. அந்தப் பரம்பரை எந்த மதியம், எந்தக் கதவோரம், யார் வாயிலிருந்து பிறந்தது என்ற முழுக் கதையும் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் நீங்கள். நீங்கள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னொருத்தி சோபாவில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். வசந்தா முதுகைத் தட்டிக்கொடுத்து, "காரம் எச்சாப் போச்சுங்களா அக்கா?" என்றாள். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. சிரிப்பு அடங்கியபோது வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நான் குன்னூருக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரருக்குப் பர்லியார் பழத்தோட்டத்தில் வேலை. எட்டாவது படித்தவள், வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பவள், சமையலில் கெட்டிக்காரி என்று யாரோ சொல்லி, கோயம்புத்தூர் மில் முதலாளி என்னைப் போர்டிங் ஹவுஸ் சைவச் சமையலுக்கு எடுத்துக்கொண்டார். வெயில் தாங்காமல் மலையேறி வரும் துரைமாருக்காகப் பழைய துரைசானி கட்டிய வீடு அது. சுதந்திரம் வந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடிவாதமாக நடத்திவிட்டு, முதலாளிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிப் போனாள். பதினோரு அறை, அறைக்கு ஒரு கணப்பு அடுப்பு, நான்கு குளியல் தொட்டி, கூடத்தில் தொங்கும் ஒரு பித்தளைத் தட்டு, ஒரு பட்லர். சாமான் பட்டியலில் உங்களையும் சேர்த்தே விற்றிருக்கிறாள் என்று நான் பல தடவை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். "பட்டியல்ல என் பேருதான் முதல்ல இருந்துதுங்க" என்பீர்கள், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அந்தப் பித்தளைத் தட்டை அன்று சாயங்காலம் நீங்கள் அடித்தீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இந்த மாதிரித் தட்டைச் சேமக்கலம் என்பார்கள், அதை எப்போது அடிப்பார்கள்? சாவு விழுந்தால், சங்கோடு சேர்த்து அடிப்பார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, யாருங்க தவறிட்டது?" என்று கேட்டேன். நீங்கள் வெள்ளைக் கோட்டும் இடுப்பில் பச்சைப் பட்டையுமாக, கட்டையைக் கையில் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"யாரும் தவறலீங்க அம்மிணி. இது முதல் மணி. இதக் கேட்டதும் விருந்தாளிங்க துணி மாத்துவாங்க. அரை மணி கழிச்சு ரெண்டாவது மணி. அதக் கேட்டதும் மேசைக்கு வருவாங்க."

"சோறு ஆச்சுன்னு வாயில சொன்னா வர மாட்டாங்களா?"

"வாயில சொன்னா அது ஓட்டலுங்க. மணி அடிச்சா அது போர்டிங் ஹவுஸ்."

அன்று தொடங்கியது நம் சண்டை. எத்தனை வருடம் சண்டை போட்டோம்? இருபதுக்கு மேல் இருக்கும். அத்தனை சண்டையிலும் ஒரு வார்த்தை 'ங்க' இல்லாமல் பேசியதில்லை. "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்று நான் கத்துவேன். "இருக்குதுங்க அம்மிணி, அதனாலதான் உங்ககிட்ட வாதாடறதில்ல" என்பீர்கள். கேட்டவர்கள் நாம் ஏதோ குசலம் விசாரித்துக்கொள்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

உங்கள் வேதம் ஒரே சொல்தான்: ஆர்டர். முதலில் சூப். அடுத்து கட்லெட் மாதிரி சின்னதாக ஒன்று. அப்புறம் பெரிய சாப்பாடு. கடைசியில் இனிப்பு. ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் உங்கள் கையெழுத்தில் ஒரு மெனு கார்டு. இடப்பக்கம் வைத்து வலப்பக்கம் எடுக்க வேண்டும். அல்லது வலப்பக்கம் வைத்து இடப்பக்கமா? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். "ஆர்டர் மாறினா வயிறு மாறிடும்" என்பீர்கள். எங்கள் வயிறு தலைமுறை தலைமுறையாக இனிப்பில் தொடங்கி மோரில் முடிகிறது, அது எந்த ஊருக்கும் மாறிப் போகவில்லை என்று நான் சொன்னால் காதில் விழாத மாதிரி ஸ்பூனைத் துடைப்பீர்கள்.

நம் ஆட்கள் வரத் தொடங்கிய புதிதில் நீங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் குளியல் தொட்டி நிறைய வெந்நீர் பிடித்து, தொட்டிக்கு வெளியே நின்று சொம்பால் மொண்டு மொண்டு குளித்தார்கள். தண்ணீர் வராந்தா வரை வந்தது. இன்னொருவர் ஐந்தாம் நம்பர் அறையில் ஸ்டவ் பற்ற வைத்துக் கடுகு தாளித்தார். அந்த வாசனை கீழே வந்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. சத்தம் போட மாட்டீர்கள். ஒரு கார்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, வெள்ளித் தட்டில் வைத்து, மாடியேறிப் போய்க் கதவைத் தட்டி நீட்டினீர்கள். அவர் அதைப் படித்துவிட்டு, உங்களுக்கும் இரண்டு ஊத்தப்பம் வைத்துக் கொடுத்தனுப்பினார். தட்டோடு திரும்பி வந்து, "மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் சாப்பிட்டீர்கள். எனக்கு ஒரு விள்ளல்கூடக் கொடுக்கவில்லை.

சைவ விருந்தாளிகளுக்கு சூப்புக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோதுதான் உங்கள் பார்வை என் ரசத்தின் மேல் விழுந்தது. சூப் இல்லாத டின்னர் டின்னரே இல்லை என்று சொல்லி, என் ரசத்தைச் சூப் தட்டில் ஊற்றி, ஸ்பூன் வைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்தீர்கள். வந்தவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். கஞ்சி போட்ட மேசைத் துணி, விசிறி மாதிரி மடித்த கைத்துண்டு, பின்னால் வெள்ளைக் கையுறையோடு நீங்கள். இங்கிலீஷ்காரன் இப்படித்தான் சாப்பிடுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பயந்து பயந்து ரசத்தை ஸ்பூனால் குடித்தார்கள். சோற்றுக்கு ரசம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் சமையலறையில் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன்.

ஒன்றாம் நம்பர் அறையில் நிரந்தரமாகத் தங்கியிருந்த ரிட்டையரான எஸ்டேட் துரை, தங்கை மகனோடு இருக்கப் போகிறேன் என்று சீமைக்குப் போனார். அவர் போன மறு வாரம் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வந்தார். நம் இரண்டு பேரையும் வராந்தாவில் நிற்க வைத்துப் பேசினார். நல்ல மனிதர்தான், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"துரையும் போயாச்சுங்க. இனி வர்றதெல்லாம் நம்மாளுங்க. துரைமாரு சாப்பாட்டுக்கு ஒரு பட்லர், நம்மூரு சாப்பாட்டுக்கு ஒரு அம்மான்னு ரெண்டு பேரு எதுக்குங்க? பட்லரு ஊட்டுக்குப் போயி ஓய்வா இருக்கட்டும்னு நெனைக்கறேன்."

வீடு என்று எதைச் சொன்னாரோ. உங்களுக்கு மனைவி காலமாகிப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. பின்கட்டில், என் ஒற்றை அறைக்குப் பக்கத்தில், கணப்பு வைத்த அந்த இரண்டு அறைதான் உங்கள் வீடு. சுவரில் மாதா படம், அலமாரியில் துரைசானி விட்டுப்போன தாமிர அச்சுகள். அதை விட்டால் போக இடமில்லை. கையுறையைக் கழற்றி மடித்தீர்கள், மறுபடி பிரித்து மாட்டினீர்கள்.

முதலாளிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரிங்க, ஒண்ணு பண்ணலாம். அடுத்த வாரம் வசந்தாளப் பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்பிள்ளை கிளென்மார்கன்ல மின்சார வேலையில இன்ஜினியரு, லீவு கெடைக்காது. அதனால அவுங்க சனமெல்லாம் பொள்ளாச்சியில இருந்து இங்கயே வர்றாங்க. மத்தியானச் சாப்பாடு இங்க. சமையலு நம்முளுது, பரிமாறுறது உங்க மொறை. வந்தவங்க மனசு நெறஞ்சு போனாங்கன்னா நீங்க இருக்கற வரைக்கும் இங்கயே இருங்க. இல்லீன்னா நான் சொன்னபடி" என்றார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் இரவு என் அறையில் கூரை ஒழுகி நான் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உங்கள் கணப்பு எரியும் சத்தம் கேட்டது. அப்போது இன்னொரு நினைப்பும் வந்தது. நீங்கள் போனால் அந்த இரண்டு அறை எனக்குத்தான் வரும். சமையலறை முழுவதும் எனக்குத்தான். அந்த நினைப்பை அன்று விரட்டிவிட்டேன். அது வாசலிலேயே உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது.

பொள்ளாச்சிக்காரர்கள் வரும் நாள் காலை. ஒன்பது பேருக்குச் சமையல். பருப்பு, சாம்பார், மூன்று பொரியல், அவியல், வடை, கேசரி. ரசத்தை நான் அன்று பார்த்துப் பார்த்து வைத்தேன். நுரை கூடி வரும்போது இறக்கி, கொத்தமல்லி தூவி, மூடிவிட்டு, பூ வைத்துக்கொள்ள என் அறைக்குப் போனேன். திரும்பி வந்தால் நீங்கள் என் ரசப் பாத்திரத்தின் முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. ரொம்பத் தண்ணியா இருந்துது. முக்கியமான விருந்தாளிங்க. சூப்புன்னா ஒரு உடம்பு வேணும். ஒரே ஒரு கரண்டி கார்ன் ஃப்ளோர் கரைச்சு ஊத்தினேன்."

கரண்டியால் மொண்டு பார்த்தேன். என் ரசம் கரண்டியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. என் அம்மா கையிலிருந்து எனக்கு வந்த ரசம், அண்ணா. நான் கத்தவில்லை என்று நீங்கள் ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இதுவரை வந்தவர்கள் மலை பார்க்க வந்தவர்கள், பயந்துகொண்டு குடித்துவிட்டுப் போனார்கள். இவர்கள் அப்படியில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் முதலில் இனிப்பு வைக்காமல் ரசத்தை ஊற்றினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அது அவமரியாதை ஆகிவிடும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. 'கொண்டுபோய் வையுங்க, அப்பத் தெரியும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வடையைத் திருப்பிப் போட்டேன்.

அவர்கள் வந்து சேர்ந்ததும், ஒரு மணிக்கு நீங்கள் இரண்டாவது மணியை அடித்தீர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, தோளில் சரிகைத் துண்டு போட்ட பெரிய மனிதர், மேசைக்கு வந்தவர் அப்படியே நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மணி எதற்கு என்று முதலாளி விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார். வசந்தா பச்சைப் பட்டுப் புடவையில் தலைகுனிந்து ஓரத்தில் இருந்தாள். நான் சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில், நீங்கள் பேன்ட்ரி என்பீர்களே, அங்கே கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சூப் தட்டுகளை வைத்தீர்கள். பெரியப்பா ஸ்பூனால் கிளறினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"இது என்னுங்க?"

"சூப், சார்."

"நான் அறுவது வருசமாக் குடிக்கறனுங்க. இது ரசம். கொஞ்சம் கஞ்சியும் கலந்திருக்குது." பிறகு முதலாளியைப் பார்த்தார். "ஏனுங்க, நல்ல காரியம் பேச வந்த எடத்துல வாய்க்கு ஒரு இனிப்பு வெக்காம, எடுத்ததும் ரசத்த ஊத்துனா என்னுங்க அர்த்தம்? குடிச்சுப்போட்டுச் சீக்கரம் கெளம்புங்கன்னுதானுங்களே?"

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. முதலாளி உங்களைத் திரும்பிப் பார்த்தார். வசந்தா புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளை நான் அதுவரை நினைக்கவே இல்லை, அண்ணா. உங்கள் அறையையும் என் ரசத்தையும் நினைத்த நான் அந்தப் பெண்ணை நினைக்கவில்லை.

நீங்கள் பேன்ட்ரிக்குள் வந்தீர்கள். கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமலே என் எதிரில் நின்றீர்கள்.

"எங்க தப்பு, அம்மிணி?"

"இனிப்பு மொதல்ல வெக்கோணுமுங்க. அதான் எங்க மொறை."

"புட்டிங்கா? முதல்லயா?"

"ஆமாங்க."

என்னைப் பார்த்தீர்கள். 'இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா' என்ற கேள்வி உங்கள் கண்ணில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. என் கண்ணில் பதிலும் இருந்திருக்கும். நான் தரையைப் பார்த்தேன்.

என் கேசரியை நீங்கள் காலையிலேயே துரைசானியின் தாமிர அச்சில் அமுக்கி வைத்திருந்தீர்கள். கோட்டை மாதிரி கொத்தளத்தோடு இருக்கும் அச்சு. அதைத் தட்டில் கவிழ்த்து, உச்சியில் ஒரு செர்ரிப் பழத்தை வைத்து, கோட்டுப் பித்தானைச் சரிசெய்துகொண்டு, கடைசியில் நடக்க வேண்டிய அந்த ஊர்வலத்தை முதலிலேயே நடத்தினீர்கள். நேராகப் பெரியப்பாவிடம் போய்க் குனிந்து, துரைமாருக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னீர்கள்:

"மன்னிக்கணும் சார். இது இந்த வீட்டு வழக்கம். பொண்ணு வீட்டுல இருக்கற காரம், புளிப்பு எல்லாத்தையும் முதல்லயே ஒரு வாய் கொடுத்து முடிச்சிடறது. அதுக்கு அப்புறம் வாழ்நாள் பூரா இனிப்பு மட்டும்தான் வரும்னு அர்த்தம்."

பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் நீங்கள். முட்டை தீர்ந்துபோனால்கூட விருந்தாளியிடம் 'முட்டை தீர்ந்துபோச்சு' என்று சொல்லித் தலைகுனிவீர்கள். பெரியப்பா கேசரிக் கோட்டையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார்.

"அட, இதுவும் நல்லாத்தான இருக்குது" என்றார். மறுபடி ஸ்பூனை எடுத்து, தட்டில் இருந்த ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "காரம் முடிஞ்சுதுங்க. இனிப்பக் குடுங்க." நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. மூன்று மணிக்கு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் முதலாளி பேன்ட்ரிக்கே வந்தார். "நெசமாலுமே அப்படி ஒரு வழக்கம் இருக்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டார். "இருக்குங்க சார்" என்றீர்கள். அவர் உங்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நீங்கள் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கையுறையைக் கழற்றினீர்கள்.

"ஆர்டர் போச்சுங்க, அம்மிணி" என்றீர்கள். வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது, உங்களுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. முப்பது வருடமாகக் காத்த ஒன்றை மூன்று நிமிடத்தில் கையால் உடைத்த துக்கம்தான் இருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். காபி போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

பெரியப்பா அதோடு விடவில்லை. வசந்தாவின் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தோமே, நாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், பர்லியார் வரை பேசாமல்? அங்கே வாசலிலேயே டம்ளரில் ரசம் கொடுத்தார்கள். "காரமெல்லாம் இதோட முடிஞ்சுதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் பெரியப்பா தானே கண்டுபிடித்தது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். பந்தியில் நீங்கள் என்ன செய்தீர்கள் தெரியுமா? இலையில் முதலில் வைத்த ஜாங்கிரியைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கி, சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடிந்த பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துச் சாப்பிட்டீர்கள். பக்கத்து இலைக்காரர் உங்களுக்குச் சர்க்கரை வியாதி, கடைசியில் ஆசையை அடக்க முடியவில்லை என்று நினைத்தார்.

அப்புறம் பல வருடம் கழித்து ஒரு நாள். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த மங்குஸ்தானை உரித்துக்கொண்டு பின்கட்டுப் படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் சொன்னீர்கள்: "அன்னிக்கு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேனுங்க, அம்மிணி." சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டீர்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அழுகை வந்தது. மங்குஸ்தான் தோல் கறை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

நீங்கள் போன நாளை உங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நானே சொல்கிறேன். மதியம் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. மாதா கோயிலிலிருந்து ஃபாதர் வந்தார், உங்கள் அண்ணன் மகன் வெலிங்டனிலிருந்து வந்தான், அடக்கம் நாளைக்கு என்றார்கள். சாயங்காலம் ஏழரை ஆனது. பின்கட்டில் நடந்தது மாடி விருந்தாளிகளுக்குத் தெரியாது, வீடு முழுக்க அமைதி. நான் கூடத்துக்குப் போனேன். கட்டை தொங்கியது, அடிக்க ஆளில்லை. உங்கள் கோயில் மணி உங்களுக்கு அடிக்கும், தெரியும். ஆனால் எங்கள் ஊர் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு வீட்டில் பெரிய சாவு விழுந்தால் சேமக்கலம் அடிக்க வேண்டாமா? கட்டையை எடுத்து அடித்தேன். அழுதுகொண்டே ஓங்கி ஓங்கி அடித்தேன்.

மாடியில் கதவுகள் திறந்தன. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு தம்பதி, ரிட்டையரான ஒரு ஹெட்மாஸ்டர், எஸ்டேட் மருந்து விற்கிற ஒருவர். தலை சீவி, ஸ்வெட்டர் மாட்டி, ஒழுங்காகப் படியிறங்கி வந்து, மேசையில் உட்கார்ந்து, கைத்துண்டை மடியில் விரித்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் மட்டும், "இன்னிக்கு முதல் மணி கேக்கலீங்களே?" என்றார். நான் அடித்தது சாவுக்கு, அவர்கள் வந்தது சாப்பாட்டுக்கு.

அவர்களை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருந்தால் சொல்ல விட்டிருப்பீர்களா? சமையலறைக்குப் போனேன். ரசம் வைத்தேன். சூப் தட்டுகளை எடுத்துத் துடைத்தேன். ஊற்றப் போனவள் கொஞ்சம் நின்றேன். அலமாரியின் மேல் தட்டில் உங்கள் கார்ன் ஃப்ளோர் டப்பா இருந்தது. ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, என் ரசத்தில் என் கையாலேயே ஊற்றினேன். முதலில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். கேசரியைக் கடைசியில் வைத்தேன். நாலு பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

நம் போர்டிங் ஹவுஸ் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. பித்தளைத் தட்டு என்னிடம் இருக்கிறது. என் மகள் அதை மாவு டின்னுக்கு மூடியாகப் போட்டிருந்தாள், சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ரிசார்ட்டில் என் இருமல் நின்றதும் அந்தக் கோட்டுக்காரர் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தார். "ரசம் சரியில்லீங்களா மேடம்?" என்று கேட்டார். கோப்பையில் மீதியிருந்ததை நிதானமாகக் குடித்து முடித்தேன்.

"ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, கண்ணு" என்றேன். "கொஞ்சம் தண்ணியா இருக்குது. ஒரே ஒரு கரண்டி கார்ன் ஃப்ளோர் கரைச்சு ஊத்தச் சொல்லுங்க."